ரெக்கார்ட் நோட்டுக்குள் ஒரு ஸ்பெக்ட்ரம்

21, 00, 42, 46, 23, 78, 86, 23, 77, 76.

பாலிடெக்னிக்கிலோ என்ஜினீயரிங் கல்லூரியிலோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இந்த வரிசை எங்கேயோ பார்த்த முகமாகத் தெரியும். கடைசியில் நிற்கும் 76-ஐக் கண்டதும் ‘ஹெச்எல்டி’ என்று வாய் தானாக முணுமுணுக்கும். இன்டெல் 8085 நுண்செயலிக்காக எழுதிய முழு நிரல் இது. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் உள்ள எண்களைக் கூட்டி, விடையை மூன்றாவது இடத்தில் வைத்துவிட்டு நின்றுவிடும். மொத்தம் பத்தே பைட்.

சங்கரன்கோவிலிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்துக் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் படிக்கப் போனவர்களின் வீடுகளில், பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ, பிரவுன் அட்டை போட்ட மைக்ரோப்ராசஸர் லேப் ரெக்கார்ட் நோட்டு இன்னமும் கிடக்கும். மதிப்பெண் வாங்கியதோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில், பழைய வீட்டுக் கணினிகளில் அசெம்பிளி மொழி கற்க ஆசைப்படும் ஒருவருக்கு நம் ஊரில் கிடைக்கக்கூடிய மிக நல்ல தொடக்கம் அந்த நோட்டுதான்.

1980-களில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, பிபிசி மைக்ரோ போன்ற கணினிகளைத் தேடிப் பிடித்து, தூசி தட்டி, அவற்றுக்குப் புதிதாக விளையாட்டும் இசையும் எழுதுகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். அதைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கும் ஆசை வருகிறது. கூடவே ஒரு தயக்கமும் வருகிறது. ‘அந்தப் பெட்டி எங்க வீட்டுல இருந்ததே இல்ல, நான் எங்க தொடங்குறது?’

தயக்கம் நியாயமானது. ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் பிரிட்டனில் வெளியானபோது 16 கிலோபைட் மாடலின் விலை 125 பவுண்ட், 48 கிலோபைட் மாடலின் விலை 175 பவுண்ட். அங்கே நடுத்தரக் குடும்பத்துப் பையன் தன் வீட்டு டிவியில் அதை மாட்டி விளையாடினான். இங்கே அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு. புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் அதை இந்தியாவில் விற்றது. ஆனாலும் தாலுகா தலைநகரங்களின் வீடுகளை எட்டும் பொருளாக அது ஆகவில்லை.

அரசு ஒரு வழியைத் திறந்தது. 1984-இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில், முதல் கட்டமாக நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் போயின. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸும் அந்த வகைக் கணினியைச் செய்தது. இத்தனை பெரிய நாட்டில் 250 பள்ளி என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்குதான்.

நம் பக்கத்துக்கு வந்த வழி வேறு. அதே 1984-இல் எம்ஜிஆர் அரசு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது. கோவில்பட்டி நேஷனல் என்ஜினீயரிங் கல்லூரியும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் கல்லூரியும் அந்த ஆண்டில் பிறந்தவை. பின்னாலேயே பாலிடெக்னிக்குகள் பெருகின. எல்லாவற்றிலும் ஒரு மைக்ரோப்ராசஸர் லேப் கட்டாயம். அந்த லேப் மேசைகளில் உட்கார்ந்திருந்தது டிரெயினர் கிட். வீட்டுக் கணினியைக் கண்ணால் காணாத ஆயிரக்கணக்கான கரிசல் காட்டுப் பிள்ளைகள், கணினியின் உள் மொழியை நேரடியாகத் தொட்டது இந்தக் கிட்டில்தான். லண்டன் பையன் பேசிக் மொழியில் சில காலம் விளையாடிவிட்டு, ஆர்வம் மிகுந்தால் மட்டும் இறங்கிய ஆழத்தில் நம் பிள்ளைகள் முதல் நாளே இறக்கிவிடப்பட்டார்கள். இதை நாம் பெருமையாக ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

கிட் என்பது ஒரு சர்க்யூட் போர்டு. அதில் 40 கால்களுடன் 8085 சில்லு. பக்கத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்த இ-ப்ராம், சன்னலை மூடி ஒரு ஸ்டிக்கர். சிவப்பாக எரியும் ஆறு இலக்க டிஸ்ப்ளே; நான்கு இலக்கம் முகவரிக்கு, இரண்டு இலக்கம் அந்த முகவரியில் இருக்கும் எண்ணுக்கு. ஹெக்ஸாடெசிமல் (பதினாறடிமான) எண்களுக்காக 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் பொத்தான்கள். தவிர, ரீசெட், சப், நெக்ஸ்ட், கோ, எக்ஸிக்யூட். கிட்டுக்குக் கிட்டு பொத்தானின் பெயர் கொஞ்சம் மாறும். தமிழ்நாட்டு லேப்களில் பரிச்சயமான, சென்னை விஐ மைக்ரோசிஸ்டம்ஸ் செய்த கிட்களில் நிரல் 4100 என்ற முகவரியில் தொடங்கும். அதனால்தான் நம் மாநிலத்து ரெக்கார்ட் நோட்டுகளில் பெரும்பாலும் 4100 என்றே முதல் வரி ஆரம்பிக்கிறது.

ரீசெட், சப், 4100, நெக்ஸ்ட். 21, நெக்ஸ்ட். 00, நெக்ஸ்ட். இப்படியே பத்து எண்களும் ஏறும். பிறகு 4200-இல் 05, 4201-இல் 03. ரீசெட், கோ, 4100, எக்ஸிக்யூட். மறுபடி ரீசெட் அடித்து 4202-ஐத் திறந்தால் 08. தேர்வில் இந்த 08-ஐ வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னலிடம் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. கற்பவருக்கோ வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

21 என்றால், அடுத்து வரும் இரண்டு பைட்டையும் ஹெச், எல் என்ற ரெஜிஸ்டர் ஜோடியில் ஏற்று என்று கட்டளை. நோட்டில் ‘எல்எக்ஸ்ஐ ஹெச், 4200’ என்று எழுதியிருப்போம். ஆனால் நினைவகத்தில் 42 00 என்று வைக்காமல் 00 42 என்று திருப்பி வைக்கிறோம். முதல்முறை செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இந்தத் தலைகீழ் வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு. டேட்டாபாயின்ட் 2200 என்ற பழைய டெர்மினலின் சுற்று, எண்களை ஒவ்வொரு பிட்டாகக் கையாண்டது. கையில் கூட்டும்போது நாம் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்குவதுபோல் அதற்கும் சிறிய பக்கம் முதலில் வேண்டியிருந்தது. அதற்காகத் திட்டமிட்ட கட்டளைகளைத்தான் இன்டெல் 1972-இல் 8008 சில்லாகச் செய்தது. அந்த வழக்கம் 8080-க்கு வந்து, 8085-க்கு வந்து, இன்று மேசையில் இருக்கும் இன்டெல் கணினி வரை தொடர்கிறது.

அடுத்த 46, ஹெச்எல் காட்டும் இடத்தில் உள்ள எண்ணை பி என்ற ரெஜிஸ்டருக்கு எடுக்கிறது. 23 ஹெச்எல்-ஐ ஒன்று நகர்த்துகிறது. 78 பி-யை ஏ என்ற ரெஜிஸ்டருக்கு நகலெடுக்கிறது. 86 இரண்டாவது எண்ணை ஏ-யுடன் கூட்டுகிறது. மறுபடி 23. பிறகு 77, ஏ-யில் உள்ள விடையை அங்கே வைக்கிறது. கடைசியில் 76, நில்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 46-ஐ எட்டு பிட்டாக எழுதினால் 01 000 110. முதல் இரண்டு பிட் ‘நகர்த்து’ என்பதைச் சொல்கிறது. நடுவில் உள்ள 000 போய்ச் சேரும் இடம், அதாவது பி. கடைசி 110 எடுக்கும் இடம். அது நினைவகம், நோட்டில் ‘எம்’. 78 என்பது 01 111 000. 111 என்றால் ஏ, 000 என்றால் பி. ஆக, ஏ-க்கு, பி-யிலிருந்து. 77 என்பது 01 110 111, நினைவகத்துக்கு, ஏ-யிலிருந்து. இப்போது 76-ஐப் பிரித்துப் பாருங்கள். 01 110 110. நினைவகத்துக்கு, அதே நினைவகத்திலிருந்து! இருக்கிற இடத்திலேயே இருப்பதை எடுத்து வைப்பதில் பயன் எதுவும் இல்லை. ஆகவே அந்த எண்ணை வீணாக்காமல் ‘நில்’ என்ற கட்டளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கட்டளைகளின் எண்களைப் பட்டியலிடும் ஆப்கோட் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து ஆயிரம் தடவை 76 அடித்த மாணவருக்கு இதை ஒரே ஒரு தடவை யாராவது சொல்லியிருந்தால், அந்த ஷீட் முழுவதும் அவருக்குப் படிக்கக்கூடிய பக்கமாக மாறியிருக்கும். லேப்பில் இதற்கு ஐந்து நிமிடம் போதும். பல இடங்களில் அந்த ஐந்து நிமிடம் ஒதுக்கப்படவில்லை என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

விசைத்தறி ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. கட்டம் போட்ட தாளில் பார்டர் டிசைனை வரைந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பவர் செய்வதும் இதுதான். மனிதன் படிக்கும் வடிவத்தை, எந்திரம் தடவிப் பார்க்கும் துளையாக்குகிறார். ‘எல்எக்ஸ்ஐ ஹெச்’ போன்ற நிமோனிக்கைப் பார்த்து அதற்குரிய எண்ணான ஆப்கோடை எழுதுவதைக் கையால் அசெம்பிள் செய்வது என்கிறோம். அசெம்ப்ளர் என்ற மென்பொருள் அந்தத் துளை அடிக்கும் வேலையை நமக்காகச் செய்துதருகிறது, அவ்வளவுதான். முதலில் சில நிரல்களைக் கையால் செய்துவிட்டு அசெம்ப்ளருக்குப் போகிறவருக்கு அது மந்திரமாகத் தெரியாது.

நேரத்தையும் தாளிலேயே கணக்குப் போடலாம். 8085-இல் முதல் கட்டளைக்கு 10 கடிகாரத் துடிப்பு, 46-க்கு 7, 23-க்கு 6, 78-க்கு 4, 86-க்கு 7, மறுபடி 6, பிறகு 7, நிற்பதற்கு 5. கூட்டினால் 52. கடிகாரம் 3 மெகாஹெர்ட்ஸ் என்றால் நிரல் முழுவதும் ஓடி முடிய ஏறக்குறைய 17 மைக்ரோசெகண்ட். இன்றைய கணினியில் ஒரு நிரல் எத்தனை துடிப்பில் முடியும் என்று இப்படிப் பேனாவால் எழுதிக் காட்ட யாராலும் முடியாது. கேஷும் இயங்குதளமும் கணக்கைக் குழப்பிவிடும். பழைய எந்திரத்தின் பெருமையே, அதை ஒரு தனி மனிதர் அடி முதல் நுனி வரை தெரிந்து வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான்.

இனி ஸ்பெக்ட்ரத்துக்கு வருவோம். அதனுள் இருப்பது சைலாக் நிறுவனத்தின் இசட்80. அதை உருவாக்கிய ஃபெடரிகோ ஃபாஜின், அதற்கு முன் இன்டெல்லில் 8080-ஐ வடிவமைத்தவர். 1974-இல் இன்டெல்லை விட்டு வெளியேறி சைலாக்கைத் தொடங்கினார். 8080-க்கு எழுதிய நிரல் புதிய சில்லிலும் ஓட வேண்டும் என்று, பழைய எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, 8080 காலியாக விட்டிருந்த 12 எண்களில் தன் புதிய கட்டளைகளைப் புகுத்தினார். இன்டெல் அதே 8080-இலிருந்து 8085-ஐ எடுத்தது. இசட்80-யும் 8085-உம் 1976-இல் வந்த, ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அப்படியானால் நம் பத்து எண்கள்? ஸ்பெக்ட்ரத்திலும் ஓடும்! ‘எல்எக்ஸ்ஐ ஹெச்’ என்பதை இசட்80 புத்தகத்தில் ‘எல்டி ஹெச்எல்’ என்று எழுதியிருக்கும். எண் அதே 21. கடைசி எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். ஸ்பெக்ட்ரத்தில் விநாடிக்கு 50 முறை இன்டரப்ட் என்ற குறுக்கீடு வரும். 76 அதற்காகக் காத்திருந்துவிட்டு மேலே நகர்ந்துவிடும். அதனால் பேசிக் மொழிக்குத் திரும்பிப் போகச் சொல்லும் ‘ரிட்டர்ன்’ கட்டளையைப் போட வேண்டும். தசம எண்ணில் அது 201. ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் தசம எண்ணாகவே கொடுப்போம்: 33, 0, 66, 70, 35, 120, 134, 35, 119, 201. 48 கிலோபைட் மாடலில் இவற்றை 32768 முதல் வரிசையாக ‘போக்’ கட்டளையால் ஏற்றுங்கள். 16896-இல் 5, 16897-இல் 3. பிறகு ‘ரேண்டமைஸ் யூஎஸ்ஆர் 32768’. ‘பிரின்ட் பீக் 16898’ என்று கேட்டால் 8 வரும்.

ஆனால் விடையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே தேவையில்லை. திரையின் இடது மேல் மூலையை உற்றுப் பாருங்கள். கிட்டில் 4200 என்று நாம் அழைத்த முகவரிதான் தசமத்தில் 16896. ஸ்பெக்ட்ரத்தில் அது திரைக்கு உரிய நினைவகத்துக்குள் விழுகிறது. மேலிருந்து மூன்றாவது புள்ளி வரிசையில், முதல் எட்டுப் புள்ளிகளில் ஆறாவதும் எட்டாவதும் கறுப்பாக இருக்கும், அது 5. அடுத்த எட்டில் ஏழாவதும் எட்டாவதும், அது 3. அதற்கடுத்த எட்டில் ஐந்தாவது மட்டும், அது 8. கூட்டல் கணக்கு படமாக நிற்கிறது. எண், நினைவகம், திரை மூன்றும் ஒன்றே என்பது அந்தச் சில புள்ளிகளில் பிடிபட்டுவிடும். அங்கிருந்து ஒரு எழுத்தை வரைவதும், அதை நகர்த்துவதும், அது சுவரில் முட்டியதைக் கண்டுபிடிப்பதும் படிப்படியாக வரும். விளையாட்டு என்பது இவற்றின் தொகுப்பு.

எல்லாமே அப்படியே பொருந்திவிடாது. 8085-இல் 20, 30 என்ற எண்கள் ரிம், சிம் என்ற கட்டளைகள். இசட்80-இல் அதே எண்கள் குறுந்தாவல்கள். பாரிட்டி ஃப்ளாகும் இசட்80-இல் கூட்டல் கழித்தலின்போது வேறு பொருள் தரும். ரெக்கார்ட் நோட்டின் இன்டரப்ட் சோதனைகளை எடுத்துப் போட்டால் வேலைக்காகாது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வரிசைப்படுத்துதல், மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடித்தல் ஆகியவை அநேகமாக அப்படியே போகும்.

பெருக்கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. 8085-இலும் சரி, இசட்80-இலும் சரி, பெருக்கலுக்கென்று கட்டளை கிடையாது. திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும், அல்லது பிட்டுகளை நகர்த்திக் கூட்ட வேண்டும். முதல் வழியில் எழுதி, துடிப்பை எண்ணிப் பார்த்து, இரண்டாவது வழிக்குத் தானாக வந்து சேரும் பிள்ளை, அல்காரிதம் என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகம் தரும் விளக்கத்தைவிட ஆழமாக அதைத் தெரிந்துகொண்டுவிட்டது.

கிட்டும் இல்லை, ஸ்பெக்ட்ரமும் இல்லை என்றால்? ஸ்ரீதர் ரத்னகுமார் 2003-இல் எழுதத் தொடங்கிய ஜிஎன்யூசிம்8085 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்டர்கள் எப்படி மாறுகின்றன என்று அதில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். இது கிட்டின் சிவப்பு டிஸ்ப்ளே காட்டாத காட்சி. ஸ்பெக்ட்ரத்துக்கு ஃப்யூஸ் என்ற எமுலேட்டர். பழைய லேப்டாப் போதும். 8085 பாடத்துக்கு ரமேஷ் காவோங்கர் எழுதிய புத்தகம் பல கல்லூரி நூலகங்களில் அகப்படும். அதன் ஆங்கிலம் கடினமானதல்ல, படங்களும் நிறைய.

கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோவையும் விட்டுவிடக் கூடாது. அதன் சில்லு வேறு குடும்பம்: 1975-இல் 25 டாலருக்கு விற்று சந்தையைப் புரட்டிப்போட்ட 6502. ரெஜிஸ்டர்கள் ஏ, எக்ஸ், ஒய் என மூன்றே முக்கியமானவை. 8085 பழகியவருக்கு முதலில் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். சில நாளில் அதன் சிக்கனம் பிடித்துப்போகும். பிபிசி பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன், அசெம்ப்ளரையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார். பேசிக் நிரலின் நடுவே சதுர அடைப்புக்குறி போட்டு அசெம்பிளி எழுதலாம். பின்னால் வரும் லேபிளின் முகவரி முதல் சுற்றில் தெரியாது என்பதால் அதை இரண்டு முறை ஓடவிட வேண்டும். அந்த இரண்டு சுற்றுகளை மாணவரே ஃபார் லூப் போட்டு எழுத வேண்டியிருப்பதால், அசெம்ப்ளர் எப்படி வேலை செய்கிறது என்பதும் கூடவே புரிந்துவிடும். கற்பிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. இதே சோஃபி வில்சன் பிறகு ஒரு புதிய செயலிக்குக் கட்டளைத் தொகுதி வடிவமைத்தார். ஸ்டீவ் ஃபர்பர் அதைச் சில்லாக்கினார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு ஓடியது. அதுதான் ஆர்ம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குள் இருப்பது அதன் வம்சம்.

வீட்டில் கேட்பார்கள், ‘இதப் படிச்சா வேலை கிடைக்குமாடே?’ நேராகவே சொல்கிறேன்: 8085 தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் சம்பளம் தரமாட்டார்கள். கருவிகளுக்குள் ஓடும் நிரல்களை இன்று பெரும்பாலும் சி மொழியில் எழுதுகிறார்கள். ஆனால் அந்த நிரல் பாதியில் செத்து விழும்போது, ஸ்டாக்கில் என்ன இருந்தது, எந்த முகவரிக்குத் தாவியது என்று பார்க்கத் தெரிந்தவர்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பார். ஸ்டாக் எந்தத் திசையில் வளர்கிறது என்று பத்து பைட் நிரல்களில் கைப்படப் பார்த்தவருக்கு அந்தக் கண் வாய்த்துவிடுகிறது. வேலைக்காக இல்லாவிட்டாலும், ஒரு எந்திரத்தை முழுதாகப் புரிந்துகொண்டோம் என்ற நிறைவுக்காகவே ஒரு கோடை விடுமுறையைக் கொடுக்கலாம்.

கல்லூரி லேப் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாற மாற 8085 கிட்கள் ஸ்டோர் ரூமுக்குப் போகின்றன. அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகின்றன. அனுப்புவதற்கு முன் பவர் சப்ளையில் உப்பியிருக்கும் கெபாசிட்டர்களை மாற்றி ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும். இ-ப்ராம் மேலிருக்கும் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள்; புற ஊதா ஒளி பட்டால் உள்ளே இருக்கும், கிட்டை இயக்கும் மானிட்டர் நிரல் அழியும். ஒளியே படாவிட்டாலும் வருடக்கணக்கில் அது தானாகவும் மங்கும். இ-ப்ராம் புரோகிராமர் வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து அதை ஒரு ஃபைலாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். கிட்டுடன் வந்த மேனுவலை, பொத்தான் விவரம் உள்ள பக்கங்களையாவது, செல்போனில் படமெடுத்து வையுங்கள். விதிமுறை இடம் கொடுத்தால், ஏலத்தில் எடைக்குப் போகும் கிட்டில் ஒன்றிரண்டைப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குத் தாருங்கள். ஆப்கோட் ஷீட்டையும் சேர்த்தே தாருங்கள். அது இல்லாமல் கிட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளால் ஒன்றும் செய்ய முடியாது.